காலிக் கடைக்குள் ஒரு மருத்துவமனை

காரைக்குடியில் காலி இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள் ஒரு பக்கம். "வாடகைக்கு" என்று ஷட்டரில் எழுதிப் போட்ட கடைகள் இன்னொரு பக்கம். எஸ்.டி.டி பூத், கேசட் கடை, வீடியோ லைப்ரரி, பிரவுசிங் சென்டர் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு தொழில் ஓகோவென்று நடந்தது, பிறகு படுத்தது. தொழில் போனாலும் அது இருந்த பத்துக்குப் பன்னிரண்டு அறை போகவில்லை. தமிழ்நாட்டின் எந்த ஊர் பஜாரிலும் இதே கதைதான்.

அந்த அறைகளில் இப்போது யார் வருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை லேப், பல் கிளினிக், சர்க்கரை நோய் கிளினிக், கண் பரிசோதனை மையம்... துணிக்கடை இருந்த இடத்தில் டோக்கன் கொடுக்கிறார்கள், செருப்புக் கடை இருந்த இடத்தில் பிரஷர் பார்க்கிறார்கள்!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் முழு ஷாப்பிங் மாலே ஆஸ்பத்திரியாக மாறியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி மாறிய இடங்களில் சில இருபது முப்பது வருடம் தாக்குப் பிடிக்கின்றன, சில ஒரே வருடத்தில் மறுபடியும் ஷட்டரை இறக்கிவிடுகின்றன. இரண்டுமே கடைதான், இரண்டுமே வைத்தியம்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அதைத் தேடிப் போனால் மதுரை, திருச்சி, டெல்லி, மிசிசிப்பி என்று ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.

பெரிய வீடு இருக்க, சின்னக் கடை எதற்கு?

முதலில் நம் ஊர்க் கேள்வி. இத்தனை பெரிய வீடுகள் காலியாக இருக்கும்போது கிளினிக்குகள் ஏன் கடையறையைத் தேடிப் போகின்றன?

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார்கள் அங்கே சம்பாதித்ததைக் கொண்டுவந்து இங்கே கட்டினார்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் எல்லாம் அந்தப் பணத்தில் வந்ததுதான். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் தொழிலை அப்படியே விட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில உடைமைச் சட்டம் கொண்டுவந்தபோது அங்கிருந்த நிலங்களும் போயின. வருமானம் நின்றது. குடும்பங்கள் பிழைப்பைத் தேடி வெளியூர் போயின. வீடுகள் விசேஷத்துக்கு மட்டும் திறக்கப்பட்டன.

இந்த வீடுகளை வேறு உபயோகத்துக்கு மாற்றியது ஹோட்டல்காரர்கள்தான். 1990-களின் இறுதியில் காரைக்குடியில் பங்களா வந்தது. அதன் பிறகு கானாடுகாத்தான், கடியாபட்டி என்று பல வீடுகள் பாரம்பரிய விடுதிகளாயின. சினிமா ஷூட்டிங் இன்னொரு வருமானம். ஆஸ்பத்திரியாக மாறியவை மிகக் குறைவு.

இதற்குக் காரணம் அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. முதலாவது, படிகள். தெருவை விட நல்ல உயரத்தில் மேடை எழுப்பி, அதன் மேல் திண்ணை வைத்துக் கட்டிய வீடு அது. மழை வெள்ளத்துக்கு நல்லது, முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது! இரண்டாவது, பங்கு. ஒரு வீட்டில் பல பங்காளிகளுக்குப் பாத்தியம் இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். குத்தகைப் பத்திரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது, பராமரிப்பு. மாதம் சில ஆயிரம் வாடகை கொடுக்கக்கூடிய ஒரு கிளினிக்கால் அந்த ஓட்டையும் தேக்கையும் பாதுகாக்க முடியாது.

கடையறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரே சொந்தக்காரர், ஒரு அட்வான்ஸ், ஒரு வாடகை ஒப்பந்தம். தெருவோடு ஒட்டிய தரை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படும். பிடிக்கவில்லை என்றால் பதினொரு மாதத்தில் காலி செய்துவிடலாம். இந்தக் கடைசி வசதி நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

மருந்துக்கடையின் பின்னறை

கடையில் வைத்தியம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. முன்பக்கம் மெடிக்கல் ஷாப், பின்பக்கம் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர். அவர் பகலில் அரசு ஆஸ்பத்திரியில் இருப்பார், சாயங்காலம் இங்கே வருவார். கம்பவுண்டர் மிக்சர் கலக்கிக் கொடுப்பார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இந்தப் பின்னறைகளில்தான் காய்ச்சலுக்கு மருந்து வாங்கியது.

இதன் கணக்கு எளிமையானது. டாக்டரால் மருந்துக்கடைக்கு வியாபாரம், மருந்துக்கடையால் டாக்டருக்கு இடம். வாடகை என்ற பேச்சே பல இடங்களில் எழாது. ஆனால் எல்லாமே அந்த ஒரு டாக்டரை நம்பி இருந்தது. அவர் மாற்றலாகிப் போனால், வயதாகிப் படுத்தால், அந்த அறையும் அதோடு முடிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஆரம்பித்த மாற்றம்

டாக்டர் கோ. வெங்கடசாமி பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை சிகிச்சை கற்று, அரசுப் பணியில் பல்லாயிரம் பேருக்குக் கண் புரை நீக்கியவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட்ஸ் கடை எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே முறையில் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்து, கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டவர் அவர்.

கிராமத்து மக்களை எட்டுவதற்கு அரவிந்த் நம்பியது கண் முகாம்களை. பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, புரை உள்ளவர்களை பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய், அறுவை சிகிச்சை செய்து திருப்பி அனுப்புவார்கள். எல்லாம் இலவசம். இதைவிட என்ன செய்ய முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஓர் ஆய்வு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. கண் குறைபாடு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேருக்கும் குறைவு! சிகிச்சை இலவசம்தான். ஆனால் கூலி போகும், கூட வர ஆள் வேண்டும், வீட்டை யார் பார்ப்பது, பயம் வேறு. இன்னொன்றும் உண்டு. முகாம் வருடத்துக்கு ஒரு முறை வரும். கண் வலி அதன் தேதி பார்த்து வராதே!

இதற்கு விடையாக வந்ததுதான் பார்வை மையம். 2004-ல் தொடங்கிய திட்டம் இது. சிறு ஊர்களில், ஜனங்கள் எப்படியும் வந்து போகும் இடத்தில், ஒரு சின்ன வாடகை இடம். உள்ளே ஒரு சிலிட் லாம்ப், பார்வை அளக்கும் கருவிகள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. டாக்டர் அங்கே இருக்க மாட்டார். அரவிந்தில் இரண்டு வருடம் பயிற்சி பெற்ற, பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்களே நோயாளியைப் பரிசோதிப்பார்கள். பிறகு பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார்.

அன்றைக்கு சின்ன ஊர்களில் இன்டர்நெட் இருந்த நிலைமைக்கு இது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு வழி செய்தார்கள். சாதாரண வைஃபை கருவிகளை மாற்றியமைத்து, உயரமான கம்பங்களில் ஆன்டெனா வைத்து, தேனி அரவிந்த் மருத்துவமனையையும் ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் இருந்த மையங்களையும் 2006 வாக்கில் இணைத்தார்கள். இப்போது அரவிந்துக்கு 100-க்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பார்வை மையத்தின் ஆலோசனைக் கட்டணம் மிகக் குறைவு. ஆரம்ப காலத்தில் 20 ரூபாய் அளவில்தான் இருந்தது. அதை வைத்து மட்டும் மையத்தை நடத்த முடியாது. வருமானத்தில் பெரும்பகுதி மூக்குக் கண்ணாடி விற்பனையில் வந்தது. அதாவது, கடை கிளினிக்காக மாறிய பிறகும் உள்ளே ஒரு கடை தொடர்ந்து நடக்கிறது! வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவையும் கண்ணாடிதான். அவர்கள் மதுரைக்கோ தேனிக்கோ போகாமலேயே காரியம் முடிகிறது. ஒரு சிறு பகுதியினரை மட்டுமே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

கதையை இங்கே சற்று நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒரு மையத்தின் கணக்கும் அல்ல, உதாரணத்துக்காகப் போட்டது.

ஒரு கடையறை. மாத வாடகை 8,000 ரூபாய். இரண்டு பேர் சம்பளம் 30,000. கரண்ட், இன்டர்நெட், சுத்தம், கழிவு அகற்றல் எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 45,000. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. மாதம் 25 நாள், நாளைக்கு 30 பேர் வந்தால் 750 பேர். ஒருவருக்கு 60 ரூபாய் வருமானம் வந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இப்போது வாடகை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 53,000. ஒருவருக்குச் சுமார் 71 ரூபாய் வேண்டும். கஷ்டம்தான், ஆனால் சமாளித்துவிடலாம்.

வாடகை அதே 8,000. ஆனால் நோயாளிகள் பாதியாகிவிட்டார்கள். 45,000-ஐ 375 பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு 120 ரூபாய். ஆட்டம் முடிந்தது!

ஆக, கிளினிக்கைக் காப்பாற்றுவது குறைந்த வாடகை அல்ல, கதவைத் திறந்துகொண்டு வரும் ஆட்கள். காலிக் கடையின் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ஒரு கடை ஏன் காலியாயிற்று? தொழில் அழிந்ததால் காலியானது (கேசட் கடை மாதிரி) என்றால் பரவாயில்லை, தெருவில் கூட்டம் அப்படியே இருக்கும். தெருவுக்கே ஆள் வருவது நின்றுபோய்க் காலியானது என்றால்? அங்கே வாடகை குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைந்த வாடகையைப் பார்த்து உள்ளே போகிற கிளினிக், தனக்கு வேண்டிய கூட்டத்தைத் தானே கொண்டுவர வேண்டும். அதற்குப் பின்னால் பெரிய பலம் வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற கதைகளைப் பார்ப்போம்.

திருச்சி: வேகமாக ஏறி, வேகமாக இறங்கியது

திருச்சியில் 1947-ல் தொடங்கப்பட்ட மருந்துக்கடை வாசன் மெடிக்கல் ஹால். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ.எம். அருண் 2002-ல் திருச்சியில் வாசன் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருந்துக்கடை மருத்துவமனையைப் பெற்றெடுத்த கதை என்று சொல்லலாம். பத்து வருடத்துக்குள் நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட கிளைகள். டி.வி.யைத் திறந்தால் அவர்கள் விளம்பரம்தான். வெளிநாட்டு முதலீடும் வந்தது.

முக்கியமான சாலைகளில் வாடகைக் கட்டடங்கள், விலை உயர்ந்த கருவிகள், விளம்பரம் என்று மாறாத செலவுகள் ஏறின. கடனும் ஏறியது. 2017-ல் நிறுவனம் திவால் சட்ட நடவடிக்கைக்குள் போனது. டாக்டர் அருண் 2020-ல் காலமானார். 2023-ல் ஜோத்பூரைச் சேர்ந்த ஏ.எஸ்.ஜி கண் மருத்துவமனை நிறுவனம் வாசனைக் கையகப்படுத்த தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது.

அரவிந்தும் வாசனும் இரண்டுமே கண். இரண்டுமே நம் பக்கத்து ஊர்கள். ஒன்று பெரிய மருத்துவமனையை நன்றாக ஊன்றி, அதன் கிளையாகச் சின்ன அறைகளைப் போட்டது. முதல் மருத்துவமனைக்கும் முதல் பார்வை மையத்துக்கும் நடுவே 28 வருடம். மற்றொன்று பத்து வருடத்தில் நாட்டையே பிடிக்கப் பார்த்தது. ஒவ்வொரு கிளையிலும் நாற்காலி நிறைவதற்கு முன்பே அடுத்த கிளைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் நம் சின்னக் கணக்கு என்ன சொல்லும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அரசாங்கம் கடை போட்டால்?

லாபம் பார்க்க வேண்டிய அவசியம் அரசுக்கு இல்லை. அப்படியானால் அரசு கிளினிக் நிலைத்து நிற்க வேண்டுமே?

டெல்லியில் 2015-ல் ஆம் ஆத்மி அரசு மொஹல்லா கிளினிக்குகளைத் தொடங்கியது. தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம், ஒரு டாக்டர், இலவச மருந்து, இலவசப் பரிசோதனை. சில தகர அறைகளில் நடந்தன, பல வாடகை இடங்களில் நடந்தன. உலக அளவில் பேசப்பட்ட திட்டம் அது. 2025-ல் ஆட்சி மாறியது. வாடகை இடங்களில் இருந்த கிளினிக்குகளை மூடப்போவதாகப் புதிய அரசு அறிவித்தது. முதலில் கை வைத்தது எதில் பாருங்கள்... வாடகைக் கட்டடத்தில்!

தமிழ்நாட்டில் 2020 டிசம்பரில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அம்மா மினி கிளினிக் திட்டத்தைத் தொடங்கினார். இலக்கு 2,000 கிளினிக். ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு உதவியாளர். நியமனங்கள் தற்காலிகமானவை. இடம், கிடைத்த கட்டடம். 2022 ஜனவரியில் திட்டம் முடிந்துவிட்டதாக அடுத்த அரசு அறிவித்தது. கொரோனா காலம் அது. டாக்டர்களில் பலர் ஏற்கெனவே கொரோனா வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். யார் சரி, யார் தவறு என்ற அரசியல் இங்கே வேண்டாம். பதினொரு மாதத்தில் காலி செய்துவிடலாம் என்ற வசதியை முன்பு சொன்னோம் அல்லவா? காலி செய்வது குடியிருப்பவருக்கு எளிது என்றால், காலி செய்ய வைப்பதும் எளிது.

பிறகு வந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வேறு வழியில் போயின. மொத்தம் 708 மையங்கள் திட்டமிடப்பட்டு, 2023 ஜூன் 6-ல் 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. இவற்றுக்குப் பெரும்பாலும் அரசே கட்டடம் கட்டியது. செலவு அதிகம், நேரமும் அதிகம். ஆனால் சொந்தக் கட்டடத்தை மூடுவது அவ்வளவு சுலபமல்ல.

மிசிசிப்பியில் ஒரு மால்

இனி கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று மிசிசிப்பி. அதன் தலைநகரம் ஜாக்சன். 1970-ல் அங்கே ஜாக்சன் மால் திறக்கப்பட்டது. சில வருடங்களில் ஊரின் இன்னொரு பகுதியில் பெரிய மால் வந்தது. வசதியானவர்கள் அந்தப் பகுதியை விட்டு வெளியேறினார்கள். 1990-களில் ஜாக்சன் மால் கிட்டத்தட்ட பாழ். சுற்றி இருந்தவர்கள் ஏழைக் கறுப்பின மக்கள். அவர்களுக்குக் கடையும் இல்லை, டாக்டரும் இல்லை.

டாக்டர் ஆரோன் ஷர்லி என்ற குழந்தை மருத்துவர், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர். பாழாய்க் கிடந்த மாலைப் பார்த்து இதை மருத்துவமனையாக்கலாம் என்றார் அவர். 1996-ல் ஜாக்சன் மெடிக்கல் மால் உருவானது. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி மூன்றும் அதில் கைகோத்தன. வெளிநோயாளிகள் பிரிவுகள் பல அங்கே குடிபெயர்ந்தன. ஷர்லி 2014-ல் மறைந்தார்.

ஜாக்சன் மால் ஆள் வராததால் செத்த இடம். நம் கணக்குப்படி அது ஆபத்தான இடம். ஆனாலும் பிழைத்தது. ஏனென்றால் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை தன் நோயாளிகளை அங்கே கொண்டுவந்தது. கூட்டத்தைத் தானே கொண்டுவரும் பலம் அதற்கு இருந்தது.

டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரிலும் இதுதான் நடந்தது. 1967-ல் கட்டப்பட்ட ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலின் மேல்தளத்தை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் குத்தகைக்கு எடுத்து 2009-ல் கிளினிக்குகளைத் திறந்தது. கீழே கடைகள் தொடர்ந்தன. காத்திருக்கும் நோயாளிக்கு பேஜர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முறை வரும்போது அது ஒலிக்கும், அதுவரை கடைகளைச் சுற்றலாம். வைத்தியம் கடையை வாழ வைத்தது! 2020-ல் வாண்டர்பில்ட் அந்த மால் முழுவதையும் வாங்கிவிட்டது. இங்கிலாந்தின் பூல் நகரில் பீல்ஸ் என்ற பல்பொருள் அங்காடியின் மேல்தளத்தில் 2021-ல் அரசு மருத்துவத் துறை வெளிநோயாளிகள் மையம் திறந்தது. கொரோனாவால் தேங்கிய நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு அவசரமாகப் பெரிய இடம் தேவைப்பட்டது.

ஷட்டரைத் தூக்கினால் போதுமா?

கடைக்கும் கிளினிக்குக்கும் உள்ள வித்தியாசம் பெயர்ப் பலகை மட்டுமல்ல. கடை என்றால் எல்லாம் தெருவுக்குத் தெரிய வேண்டும். கிளினிக்கில் சில விஷயங்கள் யாருக்கும் தெரியக் கூடாது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி டாக்டரிடம் சொல்வது பக்கத்து பெஞ்சில் கேட்டால் அவள் பாதியோடு நிறுத்திவிடுவாள். மேற்கூரை வரை போகாத பிளைவுட் தடுப்பு தடுப்பே இல்லை.

அடுத்தது தண்ணீர். பல கடையறைகளில் குழாயே கிடையாது. கை கழுவ வாஷ்பேசினும் நோயாளிக்குக் கழிப்பறையும் இல்லாமல் கிளினிக் நடத்தக் கூடாது. வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட கல்லும் இரண்டு படியும் சக்கர நாற்காலியை நிறுத்திவிடும். அதற்குச் சாய்தளம் வேண்டும். ஊசியும் பஞ்சும் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்து உரிய நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது, விதிகள் வர 2018 ஆயிற்று. எக்ஸ்ரே வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கனம் இருக்க வேண்டும். பல கடைகளின் நடுச்சுவர் நாலரை அங்குலம்தான்! ஸ்கேன் மெஷின் என்றால் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு.

இதெல்லாம் முதலில் போடும் பணம். கடை காலி செய்யும்போது குழாயையும் சுவரையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. எனவே பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி இதைச் செய்கிறவர் ஒன்று செலவைக் குறைப்பார், அல்லது ஏமாறுவார். செலவைக் குறைத்தால் நஷ்டம் நோயாளிக்கு.

மறுபடியும் செட்டிநாடு

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அது சுமார் 45 கிலோமீட்டர். மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர். பெரிய வியாதிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், போகவும் செய்கிறார்கள்.

சின்ன வியாதிக்கு? சர்க்கரை, பிரஷர், கண் மங்கல், முழங்கால் வலி. இவை ஒரு நாளில் குணமாகிறவை அல்ல, மாதா மாதம் பார்க்க வேண்டியவை. செட்டிநாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாகவோ இருவராகவோ இருக்கும் ஆச்சிகளும் ஐயாக்களும் எத்தனை பேர்! அவர்களுக்கு 90 கிலோமீட்டர் பயணம் ஒரு முழு நாள். கூட வர ஆள் தேடுவது அதைவிடப் பெரிய வேலை. 1999 ஆய்வில் முகாமுக்கு வராத அந்த 93 பேரின் காரணங்கள் இங்கே அப்படியே பொருந்தும். அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் வயல்வேலைக்குப் போகிறவருக்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும்.

சந்தைக்கும் பேங்குக்கும் வருகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு கடையறை இவர்கள் எல்லோருக்கும் உதவும். அதைத் திறப்பவர்கள் பழைய கதைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. வாடகை குறைந்த சந்தைவிட ஆள் நடமாடும் தெரு மேல். அறைக்குப் பின்னால் ஒரு பெரிய மருத்துவமனை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டாக்டரோடு அது முடிந்துவிடும். குத்தகை நீண்ட காலத்துக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்கும் சுவருக்கும் யாரும் பணம் போட மாட்டார்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற செட்டியார்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு பெட்டியும் ஒரு சாய்மேசையுமாகத் தொழில் செய்தார்கள். கோடிக்கணக்கில் புரண்ட வியாபாரத்துக்கு அவ்வளவு இடம்தான். திங்கட்கிழமை கண் டாக்டர், புதன்கிழமை சர்க்கரை டாக்டர், வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டர் என்று ஒரே கடையறையைப் பகிர்ந்துகொண்டால் வாடகை மூன்றாகப் பிரியும், நாற்காலியும் எல்லா நாளும் நிறையும். கணக்குப் பார்ப்பதில் பெயர் போன ஊருக்கு இந்தக் கணக்கு கஷ்டமானதல்ல.